நேசபாய் சொன்ன இரண்டு சாட்சிகள்

நேசபாய் என்ற பேரை நான் முதலில் கேட்டது எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கோயில் என்று சொல்வது சர்ச்சைத்தான். உபதேசியார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, "பூவன்விளை சபையைச் சேர்ந்த பாலையன் மகன் எபிசனுக்கும், மேக்காமண்டபம் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற தாசையன் மகள் நேசபாய்க்கும்" என்று வாசித்தார். பாலையன் எனக்குப் பெரியம்மை மகன், அண்ணன். அப்படியானால் எபிசனுக்கு நான் அத்தை. அத்தைக்காரிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பெண் பார்த்து, நிச்சயம் முடித்து, அறிவிப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பக்கத்தில் இருந்த ரோசம்மாள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, "பெண்ணுக்கு நகை கொறவாம். சத்தம் மட்டும் கூடுதலாம். பாட்டுக்காரியில்லா!" என்றாள். கோயிலுக்குள் இருந்தே சிரித்துவிட்டேன். அதோடு என் கோபமும் போயிற்று.

கல்யாணம் கழிந்து மறுவீட்டுக்கு வந்தபோது மாமியார்க்காரி, "பாடு பாப்போம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பெண் மறுத்துப் பேசவில்லை. ஆர்மோனியம் இல்லை, ஒன்றும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று ஒரு கீர்த்தனை பாடினாள். முற்றத்தில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவன் குலையைத் தோளில் வைத்தபடியே பாட்டு முடியும்வரை நின்றான். அப்படி ஒரு குரல். அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை.

எபிசனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. எர்ணாகுளம் பக்கம் போய்வருவான். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளை பெபிஷா பிறந்த பிறகு கிறிஸ்மசுக்கு மட்டும் வந்தான். ஒரு கிறிஸ்மசுக்கு அதுவும் இல்லை. கூட வேலை பார்த்தவன் வந்து சொன்னான், அங்கே அவனுக்கு வேறு ஒருத்தி இருக்கிறாள், ஒரு பையனும் இருக்கிறான் என்று. பாலையன் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி மட்டும், "ஒருத்தனைக் கையில பிடிச்சு வைக்கத் தெரியாதவளுக்குப் பாட்டு என்ன கேடு" என்று மருமகள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். கோழிக்குத் தீனி போடும்போது சொல்வாள். துணி காயப்போடும்போதும் சொல்வாள்.

ஒருநாள் காலையில் நேசபாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரணியல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அங்கே வெளியே என் கொழுந்தன் ரசலையனுக்கு டீக்கடை. அவன்தான் பார்த்தது. வண்டி வருகிறது, போகிறது. இவள் ஏறவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே இருப்பு. வெயில் ஏறினதும் ரசலையன் ஒரு டீயும் பிள்ளைக்கு ஒரு பன்னும் கொண்டுபோய்க் கொடுத்தான். "எங்க போவணும் மக்களே?" என்று கேட்டிருக்கிறான். "தெரியல்ல மாமா" என்று சொல்லியிருக்கிறாள். வேறொன்றும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

கஞ்சியும் கருவாடும் கொடுத்தேன். பிள்ளைக்கு ஊட்டிவிட்டு அவளும் குடித்தாள். பிறகு சொன்னாள்: "சாவத்தான் போனேன் மாமி. இதை யாருக்க கையில குடுத்துட்டுப் போவன்னு நினைச்சு நினைச்சுப் பாத்தேன். ஒருத்தர் முகமும் வரல்ல. அதான் இருந்துட்டேன்."

அவள் ஸ்டேஷனில் இருந்த நேரத்தில், தூரத்தில் எந்தக் கோயிலிலோ ஸ்பீக்கரில் பாட்டு போட்டிருந்தார்கள் என்பதும் உண்மைதான். ரசலையனும் அதைக் கேட்டிருக்கிறான். ஆனால் அவளைப் பெஞ்சில் பிடித்து உட்காரவைத்தது பாட்டு இல்லை. மடியில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளை. அன்றைக்கு அவள் வாயால் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அதன் பிறகு எங்கள் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஒருநாள் அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாட்சி என்றால், கர்த்தர் நமக்குச் செய்த நன்மையை நாலு பேர் முன்னால் எழுந்து சொல்வது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்லி, கடைசியில் ஒரு பாட்டும் பாடினாள். அழாத பெண் இல்லை. அந்தக் கூட்டத்துக்குச் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கம் செய்ய வந்திருந்தவர் போதகர் ஞானதாசன். திங்கள்நகர் பக்கம் தனியாக ஒரு ஜெபவீடு நடத்திக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். கூட்டம் முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது அவளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நல்ல சாட்சி. ஆனா ஒண்ணு. பிள்ளைக்க முகத்தைப் பாத்துத் திரும்பி வந்தேன்னு சொல்லுதியே, அப்போ மகிமை பிள்ளைக்கில்லா போவும்? ஆண்டவருக்கு என்ன மிச்சம்? பாட்டு கேட்டுதுன்னு சொன்னியே, அதை முன்னுக்கு வை. பாட்டைக் கேட்டு எழும்பி வந்தேன்னு சொல்லு. அந்தப் பாட்டுதான் உன்னைக் காப்பாத்தினது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். போதகர் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

அப்படித்தான் தொடங்கியது. ஞானதாசன் போதகர் அவளைக் கூட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு சபைகளே நேரடியாக அழைத்தன. கன்வென்ஷன், உபவாச ஜெபம், ஸ்தோத்திரப் பண்டிகை, வீட்டுப் பிரதிஷ்டை என்று எல்லாவற்றுக்கும் நேசபாய். வெள்ளைச் சேலை, கையில் வேதபுஸ்தகம், பின்னால் கீபோர்டு வாசிக்க ஒரு ஆள். நோட்டீசில் அவள் படமும், கீழே 'மரணத்திலிருந்து மீட்கப்பட்ட சகோதரி' என்றும் போடுவார்கள். சாட்சிக்கு இடையிடையே பாட்டு வரும். ஜனங்கள் பாட்டுக்காக வந்ததாகத்தான் சொல்வார்கள். ஆனால் பாட்டை மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்தால், "சாட்சி சொல்லலியா?" என்று முகம் வாடிவிடும்.

ஜனங்களின் முகம் வாடினால் இவளுக்குப் பொறுக்காது. திற்பரப்புக்கு மேலே ரப்பர் வெட்டுகிறவர்களின் சபை ஒன்றில் பேசினபோது, பெஞ்சு போய் பிளாட்பாரத்து விளிம்பு வந்தது. அருமனைப் பக்கம் பந்தல் போட்ட பெரிய கன்வென்ஷனில் தண்டவாளம் வந்தது. வண்டி கூவிக்கொண்டு வர, பச்சைப்பிள்ளையைச் சுடுகிற இரும்பில் கிடத்திவிட்டு, தானும் பக்கத்தில் படுத்தபோது பாட்டு கேட்டது என்று சொன்னாள். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பந்தலே விம்மியது. குடிகாரன்கள் நாலைந்து பேர் முன்னால் வந்து முழங்காலில் விழுந்தார்கள்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "ஏட்டி, நீ எப்ப பிள்ளைய தண்டவாளத்துல போட்டே?"

"மாமி, மனசால போட்டேனா இல்லியா?"

"எனக்கென்ன தெரியும்? மனசாலயும் போடல்லன்னுதானே அண்ணைக்கு சொன்னே."

"இச்சையோட பாத்தாலே பாவம் செஞ்சாச்சுன்னு வேதத்துல இல்லியா மாமி? சாவணும்ன்னு போனேன். பிள்ளையும் கையில இருந்து. பின்ன போட்டதும் போடாததும் ஒண்ணுதானே. அந்த ஆளுகள் முழங்கால்ல நிண்ணதைப் பாத்தியளா? பெஞ்சில இருந்தேன், டீ குடிச்சேன்னு சொன்னா அவனுக எழும்பி வருவானுகளா?"

எனக்கு அஞ்சாம் கிளாஸ் படிப்பு. வேதத்தைச் சொல்லி வாயை அடைத்தால் திருப்பிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அதன் பிறகு அதையே பாட்டாகவும் கட்டினாள்.

"இரும்புப் பாதையிலே என் பிள்ளையைக் கிடத்தினேன்
இரங்கி வந்து என் தலையை நீர் நிமிர்த்தினீர்"

என்று தொடங்கும். ராகம் சின்னப்பிள்ளைகளும் பிடித்துக்கொள்கிற ராகம். கன்வென்ஷன் பாட்டுப் புஸ்தகத்தில் ஏறியது. செல்போனில் ஏறியது. மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் பாடிக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது பெபிஷா வளர்ந்துகொண்டிருந்தாள். சாட்சியின் முடிவில் நேசபாய் கையை நீட்டி, "அந்தப் பிள்ளை இதுதான்" என்பாள். பெபிஷா முன்வரிசையில் எழுந்து ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கன்னத்தைத் தடவி, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "கர்த்தர்தான் காத்தாரு, இல்லேன்னா இப்போ..." என்று முடிக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் அது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மிட்டாய் கிடைக்கும். பெரியவளாக ஆக, எழுந்து நிற்கும்போது முகம் இறுகிவிடும். ஒரு கிறிஸ்மஸ் விடுமுறையில் என் வீட்டுக்கு வந்திருந்தவள், நான் அம்மியில் சம்மந்தித் துவையல் அரைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாட்டி, ரயிலு அண்ணைக்கு லேட்டாயிட்டா?"

"எந்த ரயிலு மக்களே?"

"என்னைக் கொல்லப் போட்ட ரயிலு."

அம்மியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல பிள்ளே. உனக்க அம்மை பெஞ்சில இருந்தா. நீ மடியில உறங்கினே. உன்னை விட்டுட்டுப் போவ மனசு வராமத்தான் அவ உயிரோட இருக்கா."

"அப்போ அம்மா கோயில்ல நிண்ணு பொய்யா சொல்லுதா?"

பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் உன் அம்மை வேதபுஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்கிறாள் என்று எப்படிச் சொல்வது? "அம்மைட்ட கேளு" என்றேன். கேட்டிருக்கிறாள். நேசபாய், "சாட்சியைச் சந்தேகப்படாத மக்கா, அது பரிசுத்த ஆவிக்கு விரோதம்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பெபிஷா கூட்டங்களுக்கு வரவில்லை. ஆஸ்டலில் சேர்ந்தாள், நர்சிங் படித்தாள். லீவுக்கு வந்தாலும் அம்மையோடு ஒரே கட்டிலில் படுக்கமாட்டாள். நேசபாய் ஒருநாள் என்னிடம் அதைச் சொல்லி அழுதாள். "சின்னதுல எனக்க கழுத்தைக் கெட்டிப் பிடிச்சுத்தான் உறங்குவா மாமி. இப்போ கதவைப் பூட்டிட்டு உறங்குதா."

என் கொழுந்தன் ரசலையனை அழைத்துப் பெபிஷாவிடம் பேசவைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவனுக்கு மூளையில் ரத்தம் கட்டி, பேச்சு போய், பிறகு ஆளும் போய்விட்டான்.

பெபிஷாவுக்குக் கருங்கல் பக்கம் சம்பந்தம் அமைந்தது. பையன் பேர் சிஜின், லேப் டெக்னீஷியன். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகினவர்கள். பையனின் அப்பா அவர்கள் சபையில் கமிட்டிச் செயலாளர். நேசபாய் சம்பந்தி ஆகிறாள் என்றதும் அவருக்குத் தலை கால் புரியவில்லை. "கல்யாணத்துக்கு முன்ன எங்க ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வந்து ஊழியம் செய்யணும்" என்று நேரில் வந்து அழைத்தார். பாவம், அவர் மரியாதைக்குச் செய்தது.

அன்று சாயங்காலம் பெபிஷா அம்மையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்போது நானும் அங்கே இருந்தேன். "அம்மா, பாட்டு எத்தனை வேணும்ன்னாலும் பாடு. சாட்சி மட்டும் அங்க வேண்டாம். அந்த ஆளுக முன்னால என்னை எழுப்பி நிறுத்தாத. இதுவரை உன்ட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல."

"சொல்லமாட்டேன் மக்கா. சத்தியமா சொல்லமாட்டேன்."

அந்த வார்த்தையை அவள் காப்பாற்றத்தான் செய்தாள். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

பண்டிகை அன்று கோயில் நிறைந்திருந்தது. பெபிஷா வருங்கால மாமியார் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன். செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம்முடைய சகோதரியை வரவேற்கிற வகையில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், சகோதரியின் சொந்தப் பாடலையே அபிநயப் பாட்டாகப் பாடுவார்கள்" என்றார்.

வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நடுவில் நின்ற பிள்ளையின் கையில் ஒரு பொம்மை. தரையில் இரண்டு வெள்ளை நாடாவை நீளமாக ஒட்டியிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. 'இரும்புப் பாதையிலே' என்ற வரி வந்ததும் அந்தப் பிள்ளை பொம்மையை நாடாவுக்கு நடுவில் வைத்தது. மற்ற பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ரயிலாகச் சுற்றி வந்தார்கள். கூ என்று கூவினார்கள். ஜனங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமியார்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெபிஷாவின் தோளை அணைத்தாள். பெபிஷா கல் மாதிரி இருந்தாள். அவள் கண் பொம்மையின் மேல்தான் இருந்தது.

கைதட்டி முடிந்து நேசபாய் எழுந்தாள். கீபோர்டுக்காரன் சுருதி கொடுத்தான். அவள் பாடவில்லை.

"அது அப்பிடி நடக்கல்ல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"நான் பிள்ளையத் தண்டவாளத்துல போடல்ல. அங்க இறங்கவே இல்ல. பெஞ்சில இருந்தேன். எனக்க பிள்ளை எனக்க மடியில உறங்கினா. அவளை விட்டுட்டுப் போவ முடியல்ல, அதனால திரும்பி வந்தேன். பாட்டு கேட்டு வரல்ல. பிள்ளைக்காக வந்தேன். இத்தனை வருஷமா மாத்திச் சொன்னேன். கர்த்தர் என்னை மன்னிக்கணும். நீங்களும் மன்னிக்கணும்."

ஐயர் சட்டென்று எழுந்து, "சகோதரி மிகுந்த மனபாரத்தோடு இருக்கிறார்கள், நாம் ஜெபிப்போம்" என்று எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஆயரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் ஜெபித்து முடிக்கும்போது பெபிஷா வெளியே போயிருந்தாள்.

கோயிலுக்கு வெளியே, அசனம் என்கிற கோயில் விருந்துக்குப் பொங்கிவைத்த பாத்திரங்களுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். நேசபாய் ஓடிவந்து கையைப் பிடிக்கப் போனாள். பெபிஷா கையை இழுத்துக்கொண்டாள். கோபமாகக் கூடப் பேசவில்லை. களைத்துப்போன குரலில் பேசினாள்.

"கல்யாணத்துக்காக மாத்திச் சொன்னியா?"

"இல்ல மக்கா. இதுதான் உண்மை. மாமிட்ட கேளு."

"ரெண்டையும் நீதானே சொன்னே. அதுக்கும் அழுத, இதுக்கும் அழுத. ரெண்டுக்கும் ஒரே அழுகைதான். எதை நான் நம்ப?"

நான் குறுக்கே போனேன். "மக்களே, உன்ட்ட நான் அண்ணைக்கே சொன்னேன் இல்லியா..."

"நீங்க அம்மைக்க ஆளு பாட்டி. நான் கேட்டப்போ 'அம்மைட்ட கேளு'ன்னு சொன்னியளே. நீங்க சொன்னது உண்மைன்னா அண்ணைக்கே அதோட விட்டிருப்பியளா?"

உள்ளே அசனத்துக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒரு பெண் எங்களைத் தாண்டி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று.

கல்யாணம் நிற்கவில்லை. சிஜின் நல்ல பையன். அவன் அப்பாவுக்குத்தான் முகம் கொஞ்சம் கறுத்தது. கல்யாணத்தன்று நேசபாய் பெண்ணுக்கு அம்மை என்ற முறையில் முன்னால் நின்றாள், எல்லா ஃபோட்டோவிலும் இருக்கிறாள். பெபிஷா அம்மைக்கு முத்தம் கொடுத்தாள், ஃபோட்டோக்காரன் சொன்னபோது. பிறகு பெபிஷாவும் சிஜினும் குவைத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பெண்குழந்தை பிறந்தது. பேறுகாலத்துக்கு மாமியாரைத்தான் அழைத்தார்கள்.

சபைகள் நேசபாயை அழைப்பதை விட்டுவிட்டன. யாரும் அவளைத் திட்டவில்லை. விசுவாசத்தில் பின்வாங்கிப் போனாள் என்றார்கள். பிசாசு அவள் சாட்சியைத் திருடிவிட்டது என்று ஞானதாசன் போதகர் ஜெபக்குறிப்பில் சேர்த்தார். அவர் நிஜமாகவே அழுது ஜெபித்தார் என்று கேள்விப்பட்டேன். பாட்டு மட்டும் நிற்கவில்லை. போன மாதம்கூட எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் யாரோ ஒரு பெண் அதைப் பாடினாள். கட்டினது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு சரணம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதில் பிள்ளைக்குக் கால் முறிந்து சுகமானதாக வருகிறது.

பெபிஷா வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் கூப்பிடுகிறாள், மரியாதையாகப் பேசுகிறாள். குழந்தையைக் காட்டுகிறாள். மருந்து வாங்கப் பணமும் அனுப்புகிறாள். "ஸ்டேஷன்ல நடந்ததை மட்டும் கேக்கமாட்டேங்கா மாமி" என்று நேசபாய் சொல்கிறாள். "நான் பேச்செடுத்தா, 'சரி அம்மா, இப்போ எதுக்கு அது'ன்னு பிள்ளைய ஃபோன் முன்னால கொண்டு வச்சிருதா."

நேசபாய்க்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. திங்கள்நகர் பக்கம் ஒரு ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். காலையில் அண்டியாபீசுக்குப் போய் முந்திரிப்பருப்பு தோல் உரிக்கிறாள், சாயங்காலம் திரும்பி வருகிறாள்.